சட்ட உதவி நம் சங்கங்களின் வேலையும்தான்: பார் கவுன்சிலுக்கும் வழக்கறிஞர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள், மாவட்ட, வட்ட வழக்கறிஞர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள்.

மதிப்பிற்குரிய சீனியர்களே, தோழர்களே,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் பல வருடங்களாகக் குற்றவியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். ஏழைகளுக்கு இலவச வக்கீல் ஏற்பாடு செய்யும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனலிலும், அதாவது வக்கீல் பட்டியலிலும், என் பெயர் இருக்கிறது. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன், தேர்தலில் ஓட்டுப் போடுகிறேன், பொதுக்குழுவுக்கு வந்து உட்காருகிறேன். அதனால் இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றப் புறக்கணிப்பு எவ்வளவு நியாயமான காரணத்துக்காக நடந்தாலும், காவலில் இருப்பவரின் ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு), ஜாமீன் வேலைகளும் சட்ட உதவி வழக்குகளும் அதில் அடங்காது என்று ஒவ்வொரு சங்கமும் எழுத்தில் தீர்மானம் போட வேண்டும். அப்புறம், சட்ட உதவியை நீதிபதிகளின் வேலை என்று விட்டுவிடாமல் நம் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் 60 நாள் போனால், பெரிய குற்றம் என்றால் 90 நாள் போனால், உள்ளே இருப்பவர் ஜாமீனில் வெளியே வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 187. நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த உரிமை தானாக வேலை செய்யாது. யாராவது மனு போட வேண்டும். மனு போடுவதற்கு முன் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போயே போச்சு. மனு போட்டுவிட்டால், அதற்குப் பிறகு குற்றப்பத்திரிகை வந்தாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று 2020-இல் எம். ரவீந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. ஆக, ஒரு மனிதன் வீட்டுக்குப் போவதும் உள்ளேயே கிடப்பதும் சில சமயம் 61-ஆம் நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு வக்கீல் கையில் மனுவோடு நிற்கிறாரா என்பதில்தான் இருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். திருட்டு வழக்கில் உள்ளே போன ஒரு லோடுமேன் பையன். சட்ட உதவியில் ஒரு ஜூனியருக்கு அந்த வழக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் பொறுப்பானவர். நாள் எண்ணிக்கொண்டே வந்து, மனுவை டைப் அடித்து, வக்காலத்தில் ஜெயில் சூப்பிரண்டு கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். 61-ஆம் நாள் காலையில் பையனின் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஒரு துணிப்பையில் ரேஷன் கார்டு, ஆதார், ஜாமீன்தாரருக்காக யாரிடமோ கெஞ்சி வாங்கிய வீட்டு வரி ரசீது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்தார். அன்றைக்குப் புறக்கணிப்பு. வேறொரு ஊரில் ஒரு வழக்கறிஞர் தாக்கப்பட்டதற்காக. காரணத்தில் ஒரு குறையும் இல்லை. ஜூனியர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். உள்ளே போய்த் தாக்கல் செய்தால் சங்கத்தில் நோட்டீஸ் வரும், நாளைக்கு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் மூன்று மணிவாக்கில் கோர்ட் கான்ஸ்டபிள் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுபோய் நீதிமன்ற அலுவலகத்தில் கொடுத்தார். அது குற்றப்பத்திரிகை. அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் வார்த்தை வரவில்லை. “நாளைக்கு வரட்டுமா சார்?” என்றுதான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதுதான் இ-ஃபைலிங் வந்துவிட்டதே என்று சொல்பவர்கள் உண்டு. மனு ஏறும், சரி. ஏறிய மனுவை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் எடுத்துச் சொல்லி, அரசுத் தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டு, உத்தரவு வாங்கி, ஜாமீன்தாரரை நிறுத்தி, ஜெயிலுக்கு உத்தரவு போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது யார்? அந்த ஒவ்வொரு படியிலும் ஒரு வக்கீல் வேண்டும்.

2017-இல் சட்ட ஆணையம் கொடுத்த 266-ஆவது அறிக்கையில் நம் மாநிலத்தைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. 2011 முதல் 2016 வரை காஞ்சிபுரம் மாவட்ட நீதிமன்றங்களில் 687 நாள் புறக்கணிப்பு. கன்னியாகுமரியில் 585, மதுரையில் 577. வருடத்துக்கு நீதிமன்றம் நடப்பதே சுமார் 220 நாள்தான். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த 687 நாட்களில் எத்தனை பேருக்கு 61-ஆம் நாள் வந்திருக்கும்? அவர்களில் காசு உள்ளவர்கள் எப்படியோ வழி கண்டுபிடித்திருப்பார்கள். “இலவச வக்கீல்” கிடைத்தவர்கள் என்ன ஆனார்கள்?

நாம் காரணமில்லாமல் வெளியே நின்றோம் என்று நான் சொல்லவில்லை. 2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே போலீஸ் தடியடி நடத்தியதை யாரால் மறக்க முடியும்? 2016-இல் உயர் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளை எதிர்த்து நின்றதிலும் நியாயம் இருந்தது. எதிர்ப்பைக் காட்டத்தான் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் ஹரிஷ் உப்பல் தீர்ப்பு வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்கிறது. அதைப் பற்றி நமக்குள் வாதம் செய்துகொண்டே இருக்கலாம், அது தனிக் கதை. ஆனால் அந்த எதிர்ப்பின் விலையைக் கொடுப்பது யார் என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. அரசாங்கம் கொடுப்பதில்லை, போலீஸும் கொடுப்பதில்லை. ரிமாண்டில் இருப்பவன்தான் கொடுக்கிறான்.

சட்ட உதவி எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், இது நம்மிடமே இருந்த வேலை என்பது புரியும். வெள்ளைக்காரன் காலத்து உரிமையியல் சட்டத்தில் ஏழைக்கு இருந்ததெல்லாம் “பாப்பர் மனு”தான். ஆர்டர் 33. நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். வக்கீல் கிடையாது. வக்கீல் இல்லாத ஏழைக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கலாம் என்று 9ஏ விதி சேர்ந்தது 1976-இல்தான். அதுவரை எழுபது வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம், ஏழை இலவசமாக வழக்குப் போடலாம், ஆனால் தானே வாதாட வேண்டும் என்ற நிலைதான் இருந்தது.

இதை மாற்றப் பாடுபட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். நம் சட்டக் கல்லூரியில் படித்தவர். தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். 1952-இல் கூத்துபரம்பாவிலிருந்து நம் மதராஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தார். அவர் தலைமையில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 1973-இல் சட்ட உதவி பற்றி அறிக்கை கொடுத்தது. 1977-இல் அவரும் பி. என். பகவதியும் சேர்ந்து இன்னொரு அறிக்கை கொடுத்தார்கள். இடையில் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39ஏ வந்தது. காசில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவி கொடுப்பது அரசின் கடமை என்று எழுதப்பட்டது.

பிறகு நீதிமன்றங்கள் வேகம் எடுத்தன. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே வருடக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. சுமத்தப்பட்ட குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. அதற்கப்புறம் 1981-இல் பாகல்பூர் வழக்கில், நடுவர் முன் முதன்முதலாக நிறுத்தும்போதே வக்கீல் கொடுக்க வேண்டும், பணமில்லை என்று அரசு சொல்லக் கூடாது என்றார்கள். 1986-இல் சுக் தாஸ் வழக்கில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் கேட்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்றார்கள். 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே எட்டு வருடம் ஆனது. 1995 நவம்பர் 9. அந்த நாளைத்தான் இன்றும் சட்ட சேவைகள் தினம் என்று பேரணியும் முகாமும் வைத்துக் கொண்டாடுகிறோம்.

இந்தக் கதையில் நம் சங்கங்கள் எங்கே? இங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1973-இல் அதைத் திருத்தியபோது, ஏழைகளுக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்வது மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்று என்று 6-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். அதற்காகப் பார் கவுன்சில் ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட சட்ட உதவிக் குழுக்களை அமைக்கலாம் என்று 9ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். 39ஏ வருவதற்கு முன்பே, ஆணைக்குழுச் சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே, இந்த வேலையை நம் கையில் கொடுத்திருந்தார்கள். அகில இந்திய பார் கவுன்சில் விதிகளில் 46-ஆவது விதியும் அப்படித்தான். தன் வசதிக்கு உட்பட்டு ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் இலவசமாக உதவுவது ஒரு வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது அது. பதிவு செய்யும்போது நாம் எல்லோரும் தலையில் ஏற்றுக்கொண்ட விதி.

நாம் செய்யவில்லை. நாம் செய்யாததால் நீதிபதிகள் செய்தார்கள். இன்றைக்கு மாநில ஆணைக்குழுவின் புரவலர் தலைமை நீதிபதி. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. வட்டக் குழுவுக்கும் ஒரு நீதித்துறை அதிகாரிதான் தலைவர். அவர்கள் நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்பவரே குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலையும் நியமித்து, அவர் வேலையையும் மதிப்பிட்டு, சம்பளத்தையும் கொடுப்பது ஒரு விசித்திரமான ஏற்பாடு. அதைத் தட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவை நம் சங்கங்கள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1949-ஆம் ஆண்டுச் சட்டம் சட்ட உதவித் திட்டத்தை நடத்தும் பொறுப்பையே சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியிடம் கொடுத்தது. பணம் அரசுடையது, நிர்வாகம் வக்கீல்களுடையது. 1980-களின் கடைசிவரை அப்படித்தான் ஓடியது. அதிலும் குறைகள் இருந்தன, வக்கீல்கள் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டார்கள் என்ற பேச்சும் இருந்தது. பிறகு அரசு தனி வாரியத்துக்கு மாற்றிவிட்டது. ஆனால் அந்த நாற்பது வருடத்தில் சட்ட உதவி என்பது தொழிலின் ஒரு பகுதி என்ற எண்ணம் அங்கே ஊறிப்போய்விட்டது. 2022-இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்கு? சட்ட உதவி வழக்குகளுக்கான கட்டணத்தை உயர்த்தச் சொல்லி. 15 சதவீத உயர்வுக்குச் சம்மதம் வந்த பிறகுதான் திரும்பினார்கள். அவர்கள் வழியை நான் சிபாரிசு செய்யவில்லை, அங்கேயும் விசாரணைகள் நின்றுபோய் மக்கள் கஷ்டப்பட்டார்கள். சட்ட உதவிக் கட்டணத்துக்காக ஒரு சங்கம் போராடியது என்பதை மட்டும் பாருங்கள். பேனல் வக்கீல் கட்டணத்துக்காக எந்தப் புறக்கணிப்பும் நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கட்டண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேனலில் ஒரு வழக்கை எடுத்தால் டைப்பிங், ஜெராக்ஸ், பஸ் சார்ஜ், நகல் மனு எல்லாம் முதலில் நம் கைக்காசு. வழக்கு முடிந்து, தீர்ப்பு நகல் வாங்கி, பில் போட்டு, அது நகர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வரும் தொகையைத் தனியார் கட்சிக்காரர் கொடுக்கும் ஃபீஸோடு வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அதனால் என்ன ஆகிறது? அனுபவம் உள்ளவர்கள் பேனலில் பெயரைக் கொடுப்பதில்லை. பெயர் கொடுத்தவர்களில் பலருக்குத் தனியார் வழக்குதான் முதலில், சட்ட உதவி வழக்கு வாய்தா வாங்கும் வழக்காகிவிடுகிறது. ஆயுள் அல்லது தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்து வருட அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராக அவருக்கு ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

2022-இல் தேசிய ஆணைக்குழு இதற்கு ஒரு மாற்று கொண்டுவந்தது. எல்.ஏ.டி.சி. என்று நாம் சொல்லும் சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் முறை. முழுநேர வக்கீல்கள், மாதச் சம்பளம், தனியார் வழக்கு எடுக்கக் கூடாது, குற்றவியல் வழக்கு மட்டும். நாட்டில் பல இடங்களில் வழக்கறிஞர் சங்கங்கள் இதை எதிர்த்தன. ஜூனியர்களின் பிழைப்பு போய்விடும் என்றார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் எதிர்க்க வேண்டிய இடம் அது இல்லை. முழுநேர வக்கீல் இருப்பது ரிமாண்டில் வருபவனுக்கு நல்லது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவரைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர் வேலையை மதிப்பிடுவதிலும் மாவட்ட ஆணைக்குழுவுக்குப் பங்கு உண்டு. அதன் தலைவர் மாவட்ட நீதிபதி. அதே நீதிபதி முன் அவர் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், தேவைப்பட்டால் அவர் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு வழி செய்ய வேண்டும். அப்போது அவரைக் காப்பாற்றுவது யார்? அந்த வக்கீலின் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டியது சங்கம். நாம் கொடுக்கவில்லை. அவரை நம் ஆளாகவே நினைக்கவில்லை.

இன்னொன்று, சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். “இந்தக் குற்றவாளிக்கு நம் சங்கத்திலிருந்து யாரும் ஆஜராகக் கூடாது” என்ற தீர்மானங்கள். கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் ஏ. எஸ். முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்று அறிவித்தது. கைதானவருக்குத் தான் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமை தரும் அரசியலமைப்பின் 22(1)-க்கும் இந்தத் தொழிலின் மரபுக்கும் எதிரானவை என்றது. நம் மாநிலத்து வழக்கிலிருந்து நாடு முழுவதற்கும் வந்த தீர்ப்பு. ஆனாலும் ஏதாவது கொடூரமான சம்பவம் நடந்து ஊரே கொதிக்கும்போது இன்றும் அதே மாதிரித் தீர்மானம் வருகிறது. கோபம் எனக்கும் உண்டு. ஆனால் தீர்மானம் போட்ட அன்று ஆஜராக ஆள் இல்லாமல் போவது அந்த ஒருவருக்கு மட்டுமில்லை. சங்கத்துக்குப் பயந்து சட்ட உதவி வக்கீலும் ஒதுங்கிக்கொள்கிறார். கடைசியில் ஒழுங்கான எதிர்வாதம் இல்லாமல் வரும் தண்டனை மேல்முறையீட்டில் நிற்பதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மறுபடி முதலிலிருந்து நீதிமன்ற வாசல்.

ஜூனியர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எத்தனை சீனியர்கள் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் சட்ட உதவி வழக்குகளில் ஒரு சீனியரையும் ஒரு ஜூனியரையும் ஜோடியாகப் போடட்டும். ஜூனியருக்கு வேலை கற்றுக்கொள்ள உண்மையான வழக்கு கிடைக்கும், கட்சிக்காரருக்கு அனுபவம் கிடைக்கும். சங்க நிதியிலிருந்து டைப்பிங், நகல் செலவுக்கு முன்பணம் கொடுத்து, கட்டணம் வந்ததும் கழித்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 9ஏ பிரிவு போதும்.

பார் கவுன்சில் செய்ய வேண்டியது: 9ஏ குழுவுக்கு உயிர் கொடுத்து, மாவட்டவாரியாக யார் பொறுப்பு என்று பெயரோடு அறிவியுங்கள். கட்டணத்தை உயர்த்தவும் மூன்று மாதத்துக்குள் பில் தொகை வரவும் மாநில ஆணைக்குழுவிடமும் அரசிடமும் பேசுங்கள். 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் சட்ட உதவி வழக்குகளைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. அதில் சங்கத்தின் குரலுக்கும் இடம் கேளுங்கள். நீதிபதிகள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சங்கங்கள் செய்ய வேண்டியதை ஒரு தீர்மான வரைவாகவே எழுதிவிட்டேன்:

“நமது சங்கம் எந்தக் காரணத்துக்காக நீதிமன்றப் பணிகளிலிருந்து விலகியிருக்க முடிவு செய்தாலும், அம்முடிவு காவலில் உள்ளவர்களின் ரிமாண்ட், ஜாமீன், குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கோரும் ஜாமீன் ஆகியவற்றுக்கும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழான பாதுகாப்பு உத்தரவுகளுக்கும், சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒதுக்கிய வழக்குகளுக்கும் பொருந்தாது. இவ்வழக்குகளில் ஆஜராகும் எந்த உறுப்பினர் மீதும் சங்கம் நடவடிக்கை எடுக்காது. எந்த ஒரு நபருக்கும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றாது.”

எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஓர் உறுப்பினர் வேண்டும், அதற்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்ற சங்கங்களில் யார் எடுத்துச் செல்ல விரும்பினாலும் இந்த வரைவை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், என் அனுமதி தேவையில்லை. செயலாளர்கள் பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பேனலில் உள்ள ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்